வரைவு சிவப்பாகத் திரும்பி வந்தால்: ஆய்வு எழுத்தின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

இளநிலைப் படிப்பில் முதன்முதலாக ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களிடம் எங்கே சிக்கல் என்று கேட்டால், "எனக்கு மொழி சரியாக வராது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வரைவை வாங்கிப் பார்த்தால் இலக்கணப் பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் திருத்திவிடலாம். ஆனால் திருத்திய பிறகும் கட்டுரை புரியாது. கோளாறு வாக்கியத்தில் தெரிகிறதே தவிர, அங்கே பிறக்கவில்லை. எழுதுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய ஏதோ ஒரு முடிவு எடுக்கப்படாமல் கிடக்கிறது. நம் கேள்வி எது, உண்மையில் எதை அளந்தோம், அந்த அளவை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பேசலாம் என்பதில் ஏதாவது ஒன்று முடிவாகாமல் இருக்கும்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வரைவில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கே போங்கள். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு சின்னச் சோதனையை வழிநெடுக வைத்துக்கொள்கிறேன்: உப்புக் கரைசல் விதை முளைப்பைக் குறைக்கிறதா என்று பார்ப்பது. அதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் துறை இயற்பியலோ உளவியலோ, எதுவானாலும் கோளாறுகள் இதே இடங்களில்தான் வரும்.

அறிகுறி: உட்கார்ந்தால் முதல் பத்தியே நகரவில்லை

அறிமுகத்திலிருந்து எழுதத் தொடங்கியிருப்பீர்கள். அறிமுகம், ஆய்வுமுறை, முடிவுகள், விவாதம் என்கிற வரிசை படிப்பவருக்காக ஏற்பட்டது. எழுதுகிறவரும் அதே வரிசையில் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கட்டுரை எங்கே போய் முடியும் என்று தெரியாமல் அறிமுகத்தை எழுத முடியாது.

முதலில் படங்களையும் அட்டவணைகளையும் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே "இதைப் பார்ப்பவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்" என்று ஒரே வரி எழுதுங்கள். அந்த வரிகளை அடுக்கினால் முடிவுகள் பகுதியின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். அடுத்து ஆய்வுமுறை. அதன் பிறகு முடிவுகள், விவாதம். அறிமுகம் அதற்கும் பிறகு. சுருக்கமும் தலைப்பும் கடைசி.

ஆய்வுமுறையைச் சோதனை நடக்கும் நாட்களிலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது. எந்தக் கரைசலை எப்போது மாற்றினோம் என்பது அன்று நினைவில் இருக்கும். மூன்று மாதம் கழித்து லேப் நோட்டில் பாதிதான் இருக்கும்.

அறிகுறி: கைடு ஓரத்தில் "தெளிவாக இல்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறார்

மிகவும் சோர்வு தரும் குறிப்பு இது. எது தெளிவாக இல்லை என்று அவரும் சொல்வதில்லை. பல நேரம் அவராலும் விரல் வைத்துக் காட்ட முடிவதில்லை. அதனால் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அச்செடுத்த வரைவின் ஓரத்தில், ஒவ்வொரு பத்திக்கும் நேராக அது என்ன சொல்கிறது என்று ஐந்தாறு சொற்களில் எழுதிக்கொண்டே போங்கள். "உப்பு மண் பரவுவது பற்றி", "முன்பு செய்த சோதனைகள்" என்று எழுதினால் போதாது. அவை வெறும் தலைப்புகள். "உப்பு கூடினால் முளைப்பு தாமதமாகிறது" என்பது கூற்று. ஒரு பத்திக்கு உங்களால் கூற்று எழுத முடியாவிட்டால், அந்தப் பத்தி என்ன சொல்ல வந்தது என்று உங்களுக்கே இன்னும் முடிவாகவில்லை. இரண்டு கூற்று வந்தால் பத்தியைப் பிரியுங்கள். அடுத்தடுத்த இரண்டு பத்திகளுக்கு ஒரே கூற்று வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். கடைசியில் ஓரக் குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கேதான் கைடும் தடுமாறியிருப்பார்.

பத்திகள் சரியாக இருந்தும் படிக்கச் சிரமமாக இருந்தால் பிரச்சினை வாக்கியத்தில். இப்படி ஒரு வாக்கியம் வரைவுகளில் அடிக்கடி வரும்:

"விதைகளில் முளைப்பு வீதத்தில் குறைவு ஏற்பட்டமை காணப்பட்டதோடு, இது உப்பின் தாக்கத்தின் காரணமாக இருக்கக்கூடும் என்ற நிலையில், உயர் செறிவுகளிலும் மேற்கண்ட போக்கு அவதானிக்கப்பட்டது."

இதில் நடந்த செயல் ஒன்றே ஒன்றுதான்: குறைந்தது. அந்த வினை "குறைவு ஏற்பட்டமை" என்று பெயர்ச்சொல்லாக உறைந்துபோய், "காணப்பட்டது", "அவதானிக்கப்பட்டது" என்கிற காலி வினைகள் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. காரணம் பற்றிய ஊகமும் நடுவில் நுழைந்துவிட்டது. அது விவாதத்துக்குப் போக வேண்டியது. "உப்புச் செறிவு கூடக் கூட, முளைத்த விதைகளின் எண்ணிக்கை குறைந்தது." இவ்வளவுதான் செய்தி.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரே பொருளை ஒரு பத்தியில் "மாதிரி" என்றும், அடுத்ததில் "தொகுதி" என்றும், படத்தில் "குழு" என்றும் எழுதியிருப்பீர்கள். பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று சொல்லித் தந்த பழக்கம் இது. ஆய்வு எழுத்தில் சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். ஒரு பொருளுக்கு ஒரு பெயர். கடைசி வரை அதுவே.

செயப்பாட்டு வினையில்தான் எழுத வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், உங்கள் துறை இதழ் ஒன்றைத் திறந்து பாருங்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை 1953-இல் அறிவித்த, ஏறத்தாழ ஒரு பக்கமே உள்ள கட்டுரை "நாங்கள்" என்றுதான் தொடங்குகிறது. துறைக்குத் துறை வழக்கு வேறுபடும். ஆனால் யார் செய்தது என்பது முக்கியமான இடத்தில் அதை மறைக்காதீர்கள்.

அறிகுறி: அறிமுகம் மூன்று பக்கம் இருக்கிறது, கேள்வியைக் காணோம்

படித்ததை எல்லாம் சேர்த்துவிட வேண்டும் என்கிற ஆசையால் வருவது. "இவர் இதைக் கண்டார். அவர் அதைக் கண்டார்" என்று வரிசையாக வரும். வாசகருக்கு அந்த வரிசை தேவையில்லை. இதுவரை எது தெரியும், எந்த இடத்தில் தெரியாமல் நிற்கிறது, அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே அவருக்கு வேண்டும்.

அறிமுகத்தில் "ஆனால்" என்ற சொல் முக்கியமான வேலையாக எங்கே வருகிறது என்று தேடுங்கள். "இந்த இனத்தில் வளர்ந்த செடியை உப்பு எப்படிப் பாதிக்கிறது என்று பலர் பார்த்திருக்கிறார்கள்; ஆனால் முளைக்கும் கட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு." இந்த வாக்கியம் இல்லையென்றால் அறிமுகம் இன்னும் எழுதப்படவில்லை. இருந்தால், அதற்கு முன்னால் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் இதை நோக்கிக் கொண்டுவருகிறதா என்று பார்த்து, கொண்டுவராததை வெட்டுங்கள். "உலகில் உணவுப் பாதுகாப்பு இன்று பெரும் சவாலாக உள்ளது" என்று தொடங்கும் முதல் வாக்கியம் பெரும்பாலும் வெட்டுப்படும். அது எந்த வேளாண் கட்டுரைக்கும் பொருந்தும். உங்களுடையதற்கு மட்டும் என்று ஒன்றுமில்லை.

எப்படி இருக்க வேண்டும் என்றே பிடிபடவில்லை என்றால், உங்கள் துறையில் நன்றாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையை எடுத்து, அறிமுகத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது செய்யும் வேலையைக் குறியுங்கள்: பின்னணி, தெரிந்தது, தெரியாதது, கேள்வி, அணுகுமுறை. உள்ளடக்கத்தை விட்டுவிட்டு வேலையை மட்டும் பார்க்கும் இந்தப் பயிற்சியை மூன்று கட்டுரைகளுக்குச் செய்தால், எழுத்து விதிகளைப் பட்டியல் போட்டுப் படிப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

அறிகுறி: ஆய்வுமுறையைப் படித்துவிட்டு "இதை வைத்து நான் செய்ய முடியாது" என்கிறார்கள்

"விதைகள் உப்புக் கரைசலில் வைக்கப்பட்டு, சில நாட்களுக்குப் பின் முளைப்பு கணக்கிடப்பட்டது." எழுதியவருக்கு எல்லாம் தெரியும் என்பதால் இது போதும் என்று தோன்றுகிறது. அந்தச் சோதனையைச் செய்யாத ஒரு நண்பரிடம் கொடுத்து, அவர் கேட்கும் கேள்விகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாயால் பதில் சொல்லாதீர்கள். பதிலை வரைவில் எழுதுங்கள். எத்தனை விதை? எத்தனை தட்டு? எவ்வளவு கரைசல்? எந்த வெப்பநிலை, வெளிச்சமா இருட்டா? எத்தனை நாள்? எல்லாவற்றுக்கும் மேலாக, எதை முளைத்தது என்று எண்ணினீர்கள்?

"ஒவ்வொரு பெட்ரி தட்டிலும் 25 விதைகளை இரண்டு வடிதாள்களுக்கு இடையே வைத்து 5 மி.லி. கரைசல் ஊற்றினோம். ஒவ்வொரு செறிவுக்கும் 4 தட்டுகள். 25 டிகிரி செல்சியஸில், இருட்டில், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 7 நாட்களுக்கு எண்ணினோம். முளைவேர் 2 மி.மீ. நீண்ட விதையை மட்டுமே முளைத்ததாகக் கொண்டோம்."

கடைசி வாக்கியம்தான் இதில் மிக முக்கியம், மிக எளிதாக விட்டுப்போவதும் அதுதான். முளைவேர் எட்டிப் பார்த்ததையே ஒருவர் முளைப்பாக எண்ணினால், அவருக்கு வேறு எண் கிடைக்கும். யார் சரி என்ற வீண் சண்டை வரும். கருத்துக்கணிப்பில் "அடிக்கடி" என்றால் எத்தனை முறை, நிரல் ஓட்டத்தில் எந்தப் பதிப்பு, தற்செயல் எண்களுக்கு எந்தத் தொடக்க எண் என்று ஒவ்வொரு துறையிலும் இப்படி ஒரு வரையறை ஒளிந்திருக்கும்.

கருவியில் காட்டும் எண்ணை அப்படியே எழுதுவதும் சிக்கல் தரும். கரைசலை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜை நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓட்டினோம் என்று மட்டும் எழுதினால் வேறு கருவி வைத்திருப்பவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது. விசை சுழல் ஆரத்தையும் பொறுத்தது. ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்று வேகத்தின் வர்க்கத்தாலும் 0.00001118-ஆலும் பெருக்கினால் புவியீர்ப்பின் எத்தனை மடங்கு என்று வரும். 10 செ.மீ. ஆரத்துக்கு அது சுமார் 11,200 மடங்கு, 8 செ.மீ. ஆரத்துக்கு சுமார் 8,900. கட்டுரையில் எழுத வேண்டியது இந்த எண்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: "காலையில் லேபுக்கு வந்து கையுறை அணிந்துகொண்டோம்" என்று நாட்குறிப்பு போல எழுதுவது. முடிவை மாற்றக்கூடிய விவரம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: முடிவுகள் பகுதி அட்டவணையை வாய்விட்டுப் படிப்பது போல இருக்கிறது

"அட்டவணை 1-இல் முளைப்பு வீதங்கள் தரப்பட்டுள்ளன. 0 மில்லிமோலாரில் 88, 50-இல் 71, 100-இல் 42..." (மில்லிமோலார் என்பது கரைசலின் செறிவை அளக்கும் அலகு.) அட்டவணை அங்கேயே இருக்கிறது, அதைத் திரும்ப எழுதுவதில் பயனில்லை. வாக்கியம் சொல்ல வேண்டியது அட்டவணையில் நேராகத் தெரியாத உறவை. "100 மில்லிமோலார் உப்பில் முளைப்பு பாதிக்கும் கீழே போனது: 88 சதவீதத்திலிருந்து 42 சதவீதத்துக்கு (அட்டவணை 1)." கண்டது முதலில் வருகிறது, எண் அதைத் தாங்குகிறது, அட்டவணை அடைப்புக்குறிக்குள் நிற்கிறது.

இந்தப் பகுதியில்தான் மதிப்பீட்டாளர்கள் அதிகம் பிடிப்பார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எத்தனை மாதிரி என்று கேட்டால் 100 விதை என்கிறீர்கள். உண்மையில் 4 தட்டு. ஒரு தட்டில் இருக்கும் 25 விதைகளும் ஒரே கரைசலை, ஒரே மூடியை, ஒரே பூஞ்சையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றையொன்று சாராதவை என்று சொல்ல முடியாது. உப்பு தரப்பட்டது தட்டுக்கு. எனவே எண்ணிக்கை 4. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இதற்குப் போலி மறுசெய்கை என்று பொருள்படும் பெயர் வைத்து, தம் துறையில் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டினார். ஒரே எலியின் பத்துச் செல்களும், ஒரே வகுப்பின் முப்பது மாணவர்களும் இதே கதைதான். எழுதும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "4 தட்டுகள், தட்டுக்கு 25 விதைகள்".

படத்தில் மேலும் கீழும் நீளும் பிழைக்கோடு என்னவென்று எழுதவில்லை என்றால் அந்தக் கோடு இருந்தும் பயனில்லை. திட்டவிலக்கம் தட்டுக்குத் தட்டு எவ்வளவு மாறுகிறது என்று காட்டும். திட்டப்பிழை சராசரியை எவ்வளவு துல்லியமாகக் கணித்திருக்கிறோம் என்று காட்டும். திட்டவிலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது அது. 4 தட்டுகளில் திட்டவிலக்கம் 8 என்றால் திட்டப்பிழை 4. கோடு பாதியாகக் குறுகுவதால் படம் அழகாகத் தெரியும். அதற்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதைப் போட்டாலும் படவிளக்கத்தில் பெயர் சொல்லுங்கள். நாலே புள்ளிகள் இருக்கும்போது நாலையும் புள்ளிகளாகவே காட்டிவிடுவது எல்லாவற்றையும்விட நேர்மையானது. சராசரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைப் புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் 1973-இலேயே காட்டினார்: நான்கு தரவுத் தொகுதிகள், சராசரி, மாறுபாடு, ஒட்டுறவு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே, வரைந்து பார்த்தால் நாலும் நாலு விதம்.

பி-மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கண்ட அளவோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பது. அதை மென்பொருள் 0.000 என்று காட்டினால் அப்படியே எழுதக் கூடாது. அது பூஜ்யம் அல்ல, மென்பொருள் காட்டும் இலக்கங்கள் தீர்ந்துவிட்டன, "0.001-ஐவிடக் குறைவு" என்று எழுதுங்கள். பி-மதிப்பு 0.03 என்றால் கருதுகோள் உண்மையாக இருக்க 97 சதவீத வாய்ப்பு என்று பொருள் அல்ல. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் தனி அறிக்கையே வெளியிட்டு இதைச் சொன்னது. அதேபோல 0.2 வந்தால் "விளைவு இல்லை" என்று எழுதாதீர்கள். "இந்தச் சோதனையில் வேறுபாடு இருப்பதாகக் காட்ட முடியவில்லை" என்பதுதான் உண்மை. நாலு தட்டில் சின்ன வேறுபாடு பிடிபடாமல் போவதும் உண்டு. பி-மதிப்புக்குப் பக்கத்தில் வேறுபாடு எவ்வளவு என்பதையும் எப்போதும் எழுதுங்கள். 46 சதவீதப் புள்ளி குறைந்தது என்பதுதான் செய்தி. பி-மதிப்பு அதற்குத் துணை.

கால்குலேட்டர் தரும் எல்லா இலக்கங்களையும் எழுதுவதும் ஒரு அறிகுறி. 100 விதைகளை எண்ணிவிட்டு 42.387 சதவீதம் என்று சராசரி போடுவது, அளக்காத துல்லியத்தை அளந்ததாகச் சொல்வது.

அறிகுறி: "விவாதம் இல்லையே, முடிவுகளைத்தான் திரும்ப எழுதியிருக்கிறாய்" அல்லது "இவ்வளவு பெரிய முடிவுக்கு எப்படி வந்தாய்?"

இரண்டும் எதிரெதிர்க் குறிப்புகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். கண்டதற்கும் சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளக்கவில்லை. ஒருவர் பயந்து நகராமல் நிற்கிறார், இன்னொருவர் ஒரே தாவாகத் தாவுகிறார்.

தாவியது இப்படி இருக்கும்: "உப்பு விதையின் நொதிகளைத் தடுத்து முளைப்பைக் குறைக்கிறது என்பது இதன் மூலம் நிரூபணமாகிறது." நொதியை யாராவது அளந்தார்களா? இல்லை. முளைத்த விதைகளை எண்ணினார்கள். உப்புக் கரைசல் விதைக்குள் நீர் நுழைவதைத் தடுத்திருக்கலாம், சோடியம், குளோரைடு அயனிகள் உள்ளே போய் நச்சாகியிருக்கலாம், இரண்டும் சேர்ந்திருக்கலாம். எண்ணிக்கை மட்டும் இவற்றைப் பிரித்துக் காட்டாது. நீரை அதே அளவு இழுத்துப் பிடிக்கும் (அதே சவ்வூடு அழுத்தம் தரும்), ஆனால் உப்பு அயனிகள் இல்லாத மானிட்டால் கரைசலில் ஒரு தொகுதி வைத்திருந்தால் ஓரளவு பிரித்திருக்கலாம்.

இதை எழுதினாலே விவாதம் பிறந்துவிடுகிறது:

"100 மில்லிமோலார் உப்பில் முளைப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. நீர் உறிஞ்சுதல் தடைபட்டதாலும் இது நேர்ந்திருக்கலாம், அயனி நச்சாலும் நேர்ந்திருக்கலாம். இந்தச் சோதனை இவ்விரண்டையும் பிரித்தறியப் போதாது. முளைக்காத விதைகளைச் சாதாரண நீருக்கு மாற்றி, மீண்டும் முளைக்கின்றனவா என்று பார்ப்பது அடுத்த படி: முளைத்தால் முதல் விளக்கம் வலுப்பெறும்."

கண்டது, அதற்கான விளக்கங்கள், அவற்றில் எதை உறுதியாகச் சொல்ல முடியாது, எப்படிச் சோதிக்கலாம் என்று படிப்படியாக நகர்கிறது. பயந்து நிற்பவருக்கும் இதே வழி. "ஏன் இப்படி ஆகியிருக்கும்?" என்ற கேள்விக்குக் குறைந்தது இரண்டு பதில் யோசித்து, எந்தத் தரவு எந்தப் பதிலுக்குச் சாதகம் என்று எழுதினால் நகர்ந்துவிடலாம்.

வினைச்சொற்களைத் தனியாக ஒருமுறை பாருங்கள். "நிரூபிக்கிறது" என்று வரும் இடமெல்லாம் "காட்டுகிறது", "சுட்டுகிறது", "ஒத்துப்போகிறது", "இருக்கலாம்" என்ற படிகளில் எது பொருந்தும் என்று முடிவுசெய்யுங்கள். நீங்களே மாற்றிப் பார்த்த ஒன்றின் விளைவு என்றால் "குறைத்தது" என்று சொல்ல உரிமை உண்டு. கணக்கெடுப்பில் இரண்டும் சேர்ந்து மாறுவதை மட்டும் பார்த்திருந்தால் "தொடர்புடையது" என்பதோடு நில்லுங்கள். அதேசமயம் "இருக்கக்கூடும் என்று ஒருவேளை கருதலாம் போலும்" என்று தயக்கத்தை மூன்று அடுக்கு போட வேண்டாம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தயக்கம் போதும்.

குறைகளைச் சொல்லும் பத்தியில் "மாதிரி எண்ணிக்கை குறைவு, நேரம் போதவில்லை" என்று பொதுவாக எழுதுவதால் யாருக்கும் பயன் இல்லை. அந்தக் குறை உங்கள் முடிவை எந்தப் பக்கம் சாய்த்திருக்கலாம் என்று எழுதுங்கள். 7 நாளில் நிறுத்தினோம்; தாமதமாக முளைக்கும் விதைகளை விட்டிருப்போம்; எனவே உப்பின் விளைவை மிகைப்படுத்திக் காட்டியிருக்கலாம். இப்படி எழுதினால் மதிப்பீட்டாளருக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

அறிகுறி: மேற்கோள் காட்டிய கட்டுரையில் அந்தச் செய்தியே இல்லை என்கிறார்கள்

வேறொருவர் காட்டிய மேற்கோளை, மூலத்தைத் திறக்காமல் எடுத்துப் போட்டிருப்பீர்கள். எல்லாரும் செய்கிறார்களே என்று தோன்றும். எல்லாரும் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்வு போதும்.

நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 1980-இல் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இருந்தபோது போதைத்தன்மையுள்ள வலிநிவாரணி தரப்பட்ட 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாமல் புதிதாக அடிமையானதாக ஓரளவு ஆவணம் உள்ளவர்கள் 4 பேர் மட்டுமே என்றது கடிதம். மருத்துவமனையில், கண்காணிப்பில் இருந்தவர்கள் பற்றிய செய்தி அது. அதை மேற்கோள் காட்டிய 608 படைப்புகளை எடுத்து ஆராய்ந்த முடிவு 2017-இல் அதே இதழில் வெளிவந்தது. 439 படைப்புகள் அந்த ஐந்து வாக்கியங்களை, இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாகக் காட்டியிருந்தன. அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே 491 படைப்புகள் சொல்லவில்லை. வீட்டில் நீண்ட காலம் மருந்து எடுப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்ற எண்ணம் பரவ இந்த மேற்கோள்கள் உதவின. வட அமெரிக்காவில் இவ்வகை வலிநிவாரணிகளுக்குப் பலர் அடிமையான ஓபியாய்டு நெருக்கடிக்கு அவையும் பங்களித்தன என்றார்கள் அந்த ஆய்வாளர்கள். ஐந்து வாக்கியம் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

நீங்கள் செய்ய வேண்டியது கடினமல்ல. மேற்கோள் எண் போடும்போதே, அந்தக் கட்டுரையின் எந்தப் பக்கம் அல்லது எந்தப் படம் உங்கள் வாக்கியத்தைத் தாங்குகிறது என்று உங்களுக்காக ஒரு குறிப்பு வையுங்கள். ஜொடீரோ, மெண்டலே போன்ற, மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. ஜொடீரோ திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை எச்சரித்தும் காட்டும். மூலம் கிடைக்கவே இல்லை என்றால், யார் வழியாக அறிந்தீர்களோ அவரைச் சொல்லி எழுதுங்கள்.

அறிகுறி: ஒப்புமை அறிக்கையில் பாதிப் பக்கம் வண்ணமாக வந்திருக்கிறது

உங்கள் வரைவு ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு எங்கெங்கே ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டுவதுதான் ஒப்புமை அறிக்கை. ஆய்வுமுறையிலும் மேற்கோள் பட்டியலிலும் வரும் ஒப்புமை பெரும்பாலும் இயல்பானது. சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், எந்த இடம் என்று பாருங்கள். அறிமுகத்திலும் விவாதத்திலும் வந்தால் மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகச் சொல்லை மட்டும் மாற்றியிருப்பீர்கள். அதைச் சொல் மாற்றித் திருத்த முடியாது. மூலத்தை மூடிவிட்டு, அது சொல்வதை ஒரு நண்பருக்குச் சொல்வது போல எழுதுங்கள்; பிறகு திறந்து எண்களைச் சரிபாருங்கள். மூடியபின் எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள். திரும்பப் படியுங்கள்.

அறிகுறி: வழவழப்பாக இருக்கிறது, ஆனால் எதுவுமே சொல்லவில்லை

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து மெருகேற்றிய வரைவுகளில் இது இப்போது அதிகம். இலக்கணம் சுத்தமாக இருக்கும். "குறைத்தது" என்று நீங்கள் எழுதியது "கணிசமாகப் பாதித்தது" என்று மாறியிருக்கும். "4 தட்டுகள்" காணாமல் போயிருக்கும். மெருகேற்றுமுன் உங்கள் வரைவைத் தனியாக வைத்துக்கொண்டு, மாறிய ஒவ்வொரு வினையையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கருவிகள் இல்லாத கட்டுரைகளை இருப்பது போல மேற்கோளாகத் தருவதும் உண்டு. தலைப்பும் இதழ் பெயரும் நம்பும்படியாகவே இருக்கும். கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைத் திறந்து அதே கட்டுரைதான் வருகிறதா என்று பார்க்காமல் எதையும் சேர்க்காதீர்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2023-இல் தந்த வழிகாட்டுதல்படி இந்தக் கருவிகளை ஆசிரியராகக் காட்டக் கூடாது. பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் துறையும் இதழும் எதை அனுமதிக்கின்றன என்று முதலிலேயே கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சுருக்கத்தைப் படித்தால் என்ன கண்டீர்கள் என்று தெரியவில்லை

"முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன" என்ற வாக்கியம் இருக்கும். அதை எடுத்துவிட்டு முக்கியமான எண்ணை எழுதுங்கள். கட்டுரையில் இல்லாத எதுவும் சுருக்கத்தில் வரக் கூடாது. கடைசி நேரத்தில் திருத்திய எண் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு வரைவிலும் அதே திருத்தங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன

திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் பொத்தானை வரிசையாக அழுத்திக்கொண்டே போயிருப்பீர்கள். கைடு மாற்றிய வாக்கியம் சரியாகிவிட்டது. ஏன் மாற்றினார் என்பது உங்களுக்குள் போகவில்லை. ஒரு கோப்பு திறந்து, வந்த ஒவ்வொரு திருத்தத்தையும் நீங்கள் எழுதியது, அவர் மாற்றியது, காரணம் என்று மூன்று கட்டங்களில் எழுதி வாருங்கள். காரணம் தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு, அடுத்த சந்திப்பில் அதை மட்டும் கேளுங்கள். "சார், இங்கே 'காட்டுகிறது' என்பதை ஏன் 'சுட்டுகிறது' என்று மாற்றினீர்கள்?" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் உட்கார்ந்து விளக்குவார். "வரைவு எப்படி இருக்கிறது மேடம்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

கருத்தில் உடன்பாடு இல்லையென்றால் அதையும் சொல்லலாம். "நீங்கள் சொன்னபடி நொதி பற்றிய வாக்கியத்தைச் சேர்த்தால், நாம் அளக்காததைச் சொல்வது போல ஆகிவிடுமோ என்று தோன்றுகிறது, இப்படி எழுதலாமா?" என்று மாற்று வாக்கியத்தோடு கேளுங்கள். வரைவை அனுப்பும்போதும் "பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் அனுப்பாமல், எந்தப் பகுதி முடிந்துவிட்டது, எதில் உதவி வேண்டும் என்று இரண்டு வரி சேருங்கள். விவாதத்தின் வாதம் சரியா என்று கேட்டு அனுப்பிய வரைவில் அவர் காற்புள்ளி திருத்திக்கொண்டிருக்க மாட்டார்.

அடுத்த கட்டுரை தொடங்கும் நாளில் அந்த மூன்று கட்டக் கோப்பைத் திறந்து, அதிகம் திரும்ப வந்த ஐந்து காரணங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரைவு முடிந்ததும், கைடுக்கு அனுப்புமுன், அந்த ஐந்துக்காக மட்டும் ஒருமுறை முழுவதும் படியுங்கள்.